பாதி ஷட்டர்

அவன் பந்தை வாங்கிக்கொள்ளவில்லை, பந்தோடு சேர்த்து என் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறான், இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் பந்து சூடாக இருக்கிறது, உப்பளத்துப் பக்கமிருந்து வரும் காற்று உதட்டில் கரிக்கிறது, கூட்டம் கத்துகிறது, அம்பயர் சீக்கிரம் என்று கை காட்டுகிறார், ரெமி மட்டும் யாரையும் பார்க்காமல் ஒரு மூச்சு நேரம் அப்படியே நிற்கிறான், பிறகு விடுகிறான், பந்து அவனுடையதாகிவிட்டது, நான் பவுண்டரிக்கு ஓடுகிறேன், தலைச்சுமையை இறக்கிவைத்தவன் மாதிரி ஓடுகிறேன், இனி என்ன நடந்தாலும் என் தலையில் விடியாது. எந்த வருஷத்து ஆட்டம் இது என்று கேட்டால் சொல்லத் தெரியாது, எல்லா வருஷமும் இதுதான் நடந்தது, நான் கடைசிக்கு முந்தின ஓவரைப் போடுவேன், பந்தை எறியாமல் நடந்துபோய் அவன் கையில் கொடுப்பேன், அவன் என் கையைப் பிடிப்பான், எனக்குத் தைரியம் சொல்கிறான் என்று நினைத்துக்கொள்வேன், நல்லாத்தான் போட்ட, இனி நான் பாத்துக்கிடுதேன் என்று சொல்லாமல் சொல்கிறான் என்று.

எங்கள் டீமில் முக்கால்வாசிப்பேர் தூத்துக்குடி பஜாரில் கடை வைத்திருப்பவர்கள், அதனால் பந்து போடுவதற்கும் கடைப் பேச்சுதான், புதுப்பந்து போடும் மைதீன் பாய் கடை திறக்கிறவர், நடு ஓவர் போடுகிறவர்களுக்கு மத்தியான யாவாரம், ரெமி கடை சாத்துறவன், நான் பாதி ஷட்டர். பாதி ஷட்டர் என்றால் கேலிதான், ஆனால் கடைக்காரனுக்குத் தெரியும், பாதி இறக்கிவிட்டால் புதிதாக யாரும் உள்ளே வரமாட்டார்கள், உள்ளே நிற்பவர்களும் கிளம்பப் பார்ப்பார்கள், சாத்துகிறவனுக்கு வேலை சுளுவு. கடைசி ஓவர் வந்தால் கேப்டன் இசக்கிராஜா ரெமியைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தைதான் சொல்வான், கடையச் சாத்திட்டு வால. அவனும் சாத்திவிட்டு வருவான், பிறகு எல்லாரும் டீக்கடைக்குப் போவோம், தோற்ற ஆட்டங்களும் இருந்திருக்கும், எனக்கு ஏனோ ஒன்றுகூட ஞாபகமில்லை.

கிளப் தலைவர் தனசிங் அண்ணாச்சியின் இரும்புக்கடையில் உட்கார்ந்திருக்கிறோம், டீ ஆறிக்கொண்டிருக்கிறது, அண்ணாச்சி கெட்டவர் இல்லை, கூட்டிக் கழித்துப் பார்க்கிறவர், அவ்வளவுதான். கடைசில ஒரு ஓவர் போடுததுக்கு ஒரு ஆள வச்சிக்கிட்டு இருக்கோம், திருநெல்வேலிக்காரன் அவனக் கேக்கான், பதிலுக்கு ஒரு பேட்ஸ்மேனும் ஒரு கீப்பரும் தாரேங்கான், ஒண்ணக் குடுத்தா ரெண்டு வருது, வேண்டாம்னு சொல்ல நமக்கென்ன கோட்டியா பிடிச்சிருக்கு என்கிறார். இசக்கிராஜா தரையைப் பார்க்கிறான், மைதீன் பாய் மெதுவாக, அப்ப கடைய யாரு அண்ணாச்சி சாத்துவா என்கிறார், அண்ணாச்சி என்னைப் பார்த்துச் சிரிக்கிறார், பாதி ஷட்டர இறக்கத் தெரிஞ்சவனுக்கு மீதிய இறக்கத் தெரியாதா. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தேன்.

ரெமி திருநெல்வேலிக்குப் போனான், அதற்கப்புறம் எங்களுக்கு எல்லாமே ஒரு படி நகர்ந்துவிட்டது, நான் ரெமியின் ஓவருக்குப் போனேன், மைதீன் பாய் என் ஓவருக்கு வந்தார், கடைசிக்கு வேண்டுமே என்று அவருடைய ஓவரைப் பிடித்துவைக்க, முதலில் வேறு யாரோ திறந்தார்கள், மத்தியான யாவாரத்தை யார் பார்ப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. வந்த பேட்ஸ்மேன் நன்றாகவே அடித்தான், கீப்பர் தங்கமான பையன், ஒரு குறை சொல்ல முடியாது, ஆனாலும் தோற்றோம், மறுபடி தோற்றோம். அண்ணாச்சிக்கு விளங்கவே இல்லை, ஒரு ஓவர்காரன் போனா மத்த ஓவரு ஏன்டே ஒழுகுது என்று கேட்டுக்கொண்டே இருந்தார், எனக்கு விளங்கியது, சொல்லத்தான் தெரியவில்லை. கடைசியில் ரெமி இருக்கிறான் என்று தெரிந்தால் மைதீன் பாய் முதல் பந்தையே தைரியமாக மட்டைக்குப் பக்கத்தில் மேலே போடுவார், அடித்தால் அடிக்கட்டும், இப்போது அடித்துவிடுவானோ என்று பாதி வழியிலேயே குத்துகிற மாதிரி இழுத்துப் போடுகிறார், இழுத்துப் போட்டால் அடிக்கத்தானே செய்வான். என் பந்து என்று நான் நினைத்திருந்ததில் பாதி எனக்குப் பின்னால் ஒருத்தன் நிற்கிறான் என்பதுதான், அவனைக் கழித்தால் மிச்சம் என்ன என்று நினைத்தாலே கை வேர்க்கும். கடையச் சாத்திட்டு வா என்று இசக்கிராஜா என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை, பார்த்துப் போடு என்பான், முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

மத்தியானம் என் செருப்புக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் கண்ணயர்கிறேன், ஷட்டரை இழுக்கிறேன், பாதியில் நிற்கிறது, தொங்குகிறேன், இறங்கவில்லை, கீழே நிறைய கால்கள் தெரிகின்றன, பேட் கட்டிய கால்கள், ஆணி வைத்த ஷூக்கள், உள்ளே வரக் குனிகிறார்கள், கையில் பார்த்தால் கம்பிக்குப் பதில் பந்து, விடப் பார்க்கிறேன், விரலை விட்டுப் போகமாட்டேன் என்கிறது, ஏங்க, ஏங்க என்று யாரோ உலுக்குகிறார்கள், சாப்பாடு கொண்டுவந்த என் மனைவி நிற்கிறாள். என்ன இது, தூக்கத்துல கையப் போட்டு வேட்டில தேச்சுக்கிட்டே இருக்கீங்க, ஒரு விளையாட்டுக்கா இம்புட்டு என்கிறாள், விளையாட்டுதான், ஞாயிற்றுக்கிழமை கடைசி லீக் ஆட்டம், தோற்றால் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கவேண்டும், இறங்கினால் கிளப்பை இழுத்து மூடிவிடுவேன் என்று அண்ணாச்சி சொல்லியிருக்கிறார், ஆட வருவது திருநெல்வேலி டீம், அதில் ரெமி இருக்கிறான். இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை, குழம்பில் உப்பு குறைவு என்று சொல்லிவைத்தேன், அவள் முறைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காற்று நேர் எதிரே அடிக்கிறது, மைதீன் பாய் தன் ஓவரை முடித்துவிட்டார், பந்தை அங்கிருந்தே எறிகிறார், அவர்மேல் தப்பில்லை, நடந்துவந்து கையில் கொடுக்கவேண்டும் என்று அவருக்கு யார் சொல்லியிருக்கிறார்கள், பிடிக்கிறேன், கை நடுங்குகிறது, சட்டையில் துடைக்கிறேன், மறுபடி நடுங்குகிறது. ஒரு பந்து, இன்னொரு பந்து, ஒரு விக்கெட் விழுகிறது, அடுத்தவன் ஒரு ஓட்டம் ஓடி என் முனைக்கு வந்துவிடுகிறான், எல்லாம் தண்ணீருக்குள் நடப்பது மாதிரி நடக்கிறது, கடைசிப் பந்து மிச்சமிருக்கிறது, அவர்களுக்கு நான்கு ஓட்டம் வேண்டும், மட்டையோடு நிற்பது யார் என்று நிமிர்ந்து பார்க்கிறேன், ரெமி. மட்டை பிடிக்கத் தெரியாதவன், ஆனால் கடைசிப் பந்து என்றால் என்ன என்று அந்த மைதானத்தில் அவனைவிடத் தெரிந்தவன் யார் இருக்கிறான்.

ஓடிவரத் தொடங்கும் இடத்துக்குத் திரும்பி நடக்கும்போது என் இடது கை தானாகப் பிடரிக்குப் போகிறது. மெதுப்பந்து போடப்போகிறேன் என்று கீப்பருக்குச் சொல்லும் சைகை அது, ரெமி கண்டுபிடித்தது, நாங்கள் எல்லாரும் அதைத்தான் இன்றைக்கும் வைத்திருக்கிறோம். புதுக் கீப்பருக்குப் பாதி சைகைதான் தெரியும், எனக்குப் பிடரியில் வேர்த்திருக்கிறது என்று நினைத்திருப்பான், மைதானத்தில் அதைப் படிக்கத் தெரிந்தவன் எதிரே மட்டையோடு நிற்கிறான், படித்தும்விட்டான், அவன் கண் ஒருதரம் சுருங்குகிறது. சாத்துகிறவனைக் கொடுத்தோம், சாவியும் அவனோடு போய்விட்டது, பூட்டை மாற்றவேண்டும் என்று கடைக்காரர்கள் இத்தனைபேரில் ஒருத்தனுக்கும் தோன்றவில்லையே என்று எனக்குச் சிரிப்புக்கூட வருகிறது, அழுகை மாதிரி ஒரு சிரிப்பு. சரி, மாற்றிவிடுவோம், வேகமாகக் காலடியில் குத்திவிடுவோம் என்று முடிவுபண்ணிக்கொண்டு ஓடுகிறேன், காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளுகிறது, ஓடுகிறேன், முழு வேகத்தையும் கூட்டி விடும்போது கை நடுங்குகிறது, விரல் வழுக்குகிறது, பந்து என்னை விட்டு மெதுவாக, வெட்கம்கெட்ட மெதுவாக, நான் சைகையில் சொன்னது மாதிரியே போகிறது.

ரெமி முன்னாலேயே மட்டையை வீசிவிட்டான், சுழன்று நிற்கிறான், பந்து அதற்கப்புறம்தான் சாவகாசமாக வந்து ஸ்டம்பில் தட்டியது. எல்லாரும் என்மேல் விழுகிறார்கள், இசக்கிராஜா என் காதுக்குள், சாத்திட்டலே, கடையச் சாத்திட்டலே என்கிறான், இவ்வளவு நாள் கேட்க ஏங்கிய வார்த்தை, காதில் விழுகிறது, உள்ளே இறங்கமாட்டேன் என்கிறது. கூட்டம் கலைந்தபின் ரெமி குனிந்து பந்தை எடுத்துக்கொண்டு நடந்து வருகிறான், எறியவில்லை, நடந்து வருகிறான். சைகையக் காட்டிட்டு மாத்திருவன்னுல்லா நெனச்சேன், நீ என்னடான்னா சொன்னதையே போடுத என்கிறான், நான் எங்கல போட்டேன், மாத்தத்தான் பாத்தேன், கை நடுங்கி வழுக்கிட்டு என்கிறேன். அவன் சிரிக்கவில்லை. எனக்கும் நடுங்கும்ல, அப்பயும் நடுங்கும், எல்லா ஆட்டத்துலயும் நடுங்கும், அதான் ஒன் கையப் புடிச்சிக்கிடுவேன், புடிச்சா நிக்கும் என்கிறான், சாப்பிட்டாயா என்று கேட்கிற குரலில் சொல்கிறான்.

அங்க யாரு கையப் புடிக்க என்று கேட்கிறேன். அங்க யாரும் நடந்து வந்து குடுக்க மாட்டாங்க, தூரத்துலருந்து எறிவானுவ, பேண்ட்ல தொடச்சிக்கிட்டுப் போடுதேன், இந்த வருசம் பூரா அடிதான் என்கிறான். பந்தை நீட்டுகிறான், நான் வாங்கிக்கொள்ளவில்லை, பந்தோடு சேர்த்து அவன் கையைப் பிடித்துக்கொள்கிறேன், இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் பந்து சூடாக இருக்கிறது, உதடு கரிக்கிறது, அவனுடைய பஸ்ஸில் ஹாரன் அடிக்கிறார்கள், ஏ ரெமி, வால, நேரமாச்சு என்று யாரோ கத்துகிறார்கள், நடுங்குவது அவன் கையா என் கையா என்று தெரியவில்லை, அடுத்த ஆட்டத்தில் என்ன செய்யப்போகிறோம் என்று அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை, கொஞ்சம் பொறுல, நிக்கட்டும் என்கிறேன்.