பெயின்ட் வேலைக்குப் போனவர்

பாதித் தேநீரைக் குடித்துவிட்டு மீதியை என்னிடம் தந்த என் கணவர் தவராசா, "அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாறன். முகாம் பதிவில என்ர பேர் வெட்டுப்படாமப் பார்" என்றார். 2008இல் ஆத்தூர் அகதி முகாமிலிருந்து வன்னிக்குப் போனவர், போர் முடிந்தும் திரும்பவில்லை.

ஆள் கணக்கெடுக்கும் நாளெல்லாம், "பெயின்ட் வேலைக்குப் போயிட்டார்" என்றே சொல்லிவந்தேன்.

போரில் இறந்தவர்களுக்கு இலங்கையில் இழப்பீடு தருவதாக அறிந்து மனுப் போட்டேன். அவர் இறந்ததை யாராவது எழுத்தில் ஒப்புக்கொண்டால் எனக்குப் போதும். மனு திரும்பி வந்தது: அவர் இந்திய முகாமில் உயிரோடு இருப்பதாகப் பதிவாம். உண்மையைச் சொன்னால் என் பதிவும் போய்விடும். போக வேறு இடமில்லை.

நேற்று புது அதிகாரி சிரித்தார். "எப்பப் பாரு பெயின்ட் வேலையா? எந்த அரண்மனைக்கும்மா அடிக்கிறாரு?"

"ஃபேர்லேண்ட்ஸ்ல ஒரு வீடு, ஐயா."

தவராசாவின் பெயருக்கு நேரே டிக் அடித்தார்.