பென்சிலில் எழுதியவை

டோபா ரொட்டி சுடும் அடுப்பின் கதவைத் திறந்தாள். உள்ளே ஒன்றுமில்லை. யாரோ தேய்த்துக் கழுவியிருந்தார்கள். கம்பித் தட்டு புதிது போலப் பளபளத்தது. அம்மா இறந்த பிறகு அந்த அடுப்பில் எதுவும் வெந்தது கிடையாது. அப்பா அதில் செருப்புப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார், பெட்டி நிறைய அட்டைகள். கைத்தடியை ஊன்றிக்கொண்டு படுக்கையறைக்குப் போனாள். கட்டிலுக்கு அடியிலும் இல்லை. துணி அலமாரியில் அப்பாவின் ஒரே நல்ல கோட்டு தொங்கியது. அதன் கீழே பெட்டிகள் இருந்த இடத்தில் தரைப்பலகை வெளுத்துத் தெரிந்தது. ஜூலை பிறந்தால் மொன்றியலில் பாதி ஊர் வீடு மாறும். அதற்குள் காலி செய்யச் சொல்லியிருந்தான் வீட்டுக்காரன். தம்பி முந்திக்கொண்டு எல்லாவற்றையும் ஒழித்து வைத்துவிட்டான் போல என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

அப்பா ஐசர் பகலில் யூதர்களின் யித்திஷ் பாஷைப் பள்ளியில் வாத்தியார். சாயங்காலம் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினால் ஏதாவது ஒரு பெண்மணியின் சமையலறையில் போய் உட்கார்ந்துவிடுவார். எல்லோரும் போரில் தப்பி வந்தவர்கள், சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைத்துப் பிழைத்தவர்கள். கஞ்சிப் பானையின் அடியில் ஒட்டிக்கொள்வதற்கு உங்கள் ஊரில் என்ன பேர்? பிள்ளைக்கு விக்கல் எடுத்தால் என்ன சொல்வீர்கள்? மாமியாரைக் காதுபடத் திட்ட என்ன சொல், காதில் விழாமல் திட்ட என்ன சொல்? அந்த ஊர்களில் இப்போது யாரும் அந்தப் பாஷை பேசுவதில்லை, பேசியவர்களைப் போர் விட்டுவைக்கவில்லை. மிச்சமிருந்ததெல்லாம் இந்தப் பெண்களின் வாயில்தான் இருந்தது. அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதுவார் ஐசர், பஸ் டிக்கெட்டின் முதுகிலோ மருந்துக்கடை உறையிலோ, கையில் கிடைத்ததில். அப்புறம் வீட்டுக்கு வந்து அட்டையில் ஏற்றுவார். அதில் மட்டும் படு கறார். இன்னொருத்தி வாயாலும் கேட்டு உறுதியானால்தான் மையில் எழுதுவார். சந்தேகம் என்றால் பென்சில். பென்சிலில் ஒரு அட்டை கிடந்தால் மனுஷருக்குச் சோறு இறங்காது. பஸ் பிடித்துப் போய் அதே பெண்மணியை மறுபடி குடைவார். "என்னைப் பொண்ணு பாக்க ஒரு தடவைதான் வந்தாரு. அவளை அஞ்சு தடவை பாத்துட்டாரு," என்பாள் அம்மா.

ஆஸ்பத்திரியில் கிடந்தபோது டோபாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "டைப் அடிச்சது கால்வாசிதான். மீதி பெட்டியில இருக்கு. நீயே நியூயார்க் ஆவணக் காப்பகத்துக்குக் கொண்டு போய்க் குடு. வேற யாரையும் நம்பல." சரி என்றாள். பிப்ரவரியில் அடக்கம் நடந்தது. தம்பி ஃபைவல்தான் கரண்டி மாதிரி குழிந்த மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து, அதன் முதுகால் முதல் மண்ணை அள்ளினான். பிறகு அதை அவள் கையில் கொடுக்காமல் மண்ணில் குத்தி நிறுத்தினான். திருப்பிப் பிடிப்பது புதைக்க மனசில்லை என்று காட்டவாம்; சாவைக் கையிலிருந்து கைக்குக் கொடுக்கக் கூடாதாம். அவள் பிடுங்கி எடுத்து, நேராகவே அள்ளிப் போட்டாள்; அப்பா இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார். திரும்பும்போது கல்லறை வாசலில் உறைபனியில் வழுக்கி விழுந்து கணுக்கால் முறிந்தது. வசந்தம் முழுக்க டொராண்டோவில் தன் வீட்டில் படுக்கை. "பேப்பர் எதுவும் குப்பைக்குப் போயிடக் கூடாதுடா," என்று போனில் மட்டும் சொன்னாள். "குப்பைக்கா? ஐயோ, விடுவேனா," என்றான் ஃபைவல்.

வெளியே இரும்புப் படிக்கட்டு அதிர்ந்தது. ஃபைவல் மூச்சு வாங்க ஏறி வந்தான், கறுப்புக் கோட்டு, கறுப்புத் தொப்பி, கையில் மனைவியின் சூப்புப் பாத்திரம். இருபது வயதில் தீவிர பக்தனாகி இந்த வேஷத்தில் வந்து நின்ற மகனைப் பார்த்து, "இல்லாத ஆளு எப்படி என் பிள்ளையத் திருடினான்?" என்று அப்பா கேட்டது அவளுக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"பெய்லே குடுத்தனுப்பினா. சூடா இருக்கும்போதே குடிச்சிடுக்கா."

"பெட்டிங்க எங்கடா?"

"கூடத்துல இருக்கே, ரெண்டு. டைப் அடிச்சது, அச்சானது, கடுதாசி, எல்லாம் வரிசையா கட்டி வெச்சிருக்கேன்."

"அது இல்ல. அட்டைங்க. அடுப்புல இருந்துச்சே."

அவன் பாத்திரத்தைக் கீழே வைத்தான். "அதெல்லாம்தான் டைப் ஆயிடுச்சேன்னு நெனச்சேன். குப்பையில போடலக்கா. போட முடியுமா? எந்த அட்டைய எடுத்தாலும் ஆண்டவன் பேரு. ஆண்டவன் காப்பாத்தணும், ஆண்டவன் அவ வாயில மண்ணப் போட, அப்படியே வேதத்துலேர்ந்து ஒரு வரி. அதான் பழைய பிரார்த்தனைப் புஸ்தகங்களோட..."

அவன் முடிக்க வேண்டியிருக்கவில்லை. கிழிந்த புனித நூல்களை வருடம் முழுக்கச் சேர்த்து வைத்திருந்து, தரை இளகியதும் மனிதரைப் புதைப்பது போலக் கல்லறையில் புதைப்பார்கள். இது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

"பொதச்சிட்டியா?"

"மரியாதையா செஞ்சேன்க்கா. பாஸ்கா பண்டிகைக்கு முன்னாடி. அப்பாவோட படுக்கை விரிப்ப வெட்டி பெய்லேதான் பை தெச்சா. அப்பாவுக்குப் பக்கத்து வரிசையில இடம் கேட்டு வாங்கினேன். பிரார்த்தனைக்குப் பத்து பேரு வந்து நின்னாங்க."

"சாகுற வரைக்கும் ஆண்டவன் இல்லைன்னு சொன்ன மனுஷன்டா அவரு!"

"அவரு சொன்னாரு. அந்தப் பொம்பளைங்க சொல்லலியே."

அவளுக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது. கால் வலித்தது, அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவன் கெட்டவனாக இருந்தாலாவது கத்தித் தீர்த்திருப்பாள். தன் உலகத்தில் ஒரு காகிதத்துக்குச் செய்யக்கூடிய உச்ச மரியாதையை அல்லவா செய்து வைத்திருக்கிறான்.

"பாஷை எங்கயும் போயிடலக்கா," என்றான் மெதுவாக. "என் வீட்டுக்கு வந்து பாரு. என் பிள்ளைங்க ஒம்பதும் அதுலதான் அடிச்சுக்குதுங்க."

"ஒம்பதும் ஒரே மாதிரி அடிச்சுக்குதுங்க. அப்பா சேத்து வெச்சது எத்தனையோ ஊரு சண்டைடா. இப்ப அது யாருக்குத் தெரியும்? உனக்கா, எனக்கா?"

அவன் தொப்பியைக் கழற்றி, உள்ளேயிருந்த குல்லாவைச் சரி செய்து, மறுபடி போட்டான். சூப்பின் மேல் கொழுப்பு படிந்துகொண்டிருந்தது. அப்புறம் வராந்தாவுக்குப் போய்த் தன் மதகுரு ரபிக்குப் போன் செய்தான். திரும்பி வந்தபோது முகத்தில் ஒரு வெளிச்சம். "படிக்கிறதுக்காக எடுத்தா தப்பில்லைங்கறாரு. மீதிய மட்டும் ஒழுங்கா மூடணுமாம். வாக்கா."

மறுநாள் காலையில் கல்லறைக் காவல்காரன் ரெஜான் மண்வெட்டி ஒன்றைக் கொடுத்துவிட்டு, ஒரு வாரமாக மழை என்று பிரெஞ்சில் முணுமுணுத்துப் போனான். ஃபைவல் கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுத் தோண்டினான். வெள்ளைச் சட்டையில் அவனைப் பார்த்து வெகு காலம் ஆகியிருந்தது. தோள்கள் அப்படியே அப்பா. அந்தக் கொஞ்ச நேரம் டோபாவுக்கு நம்பிக்கை வந்தது. ஊரில் குளிர்தானே, மண்ணுக்குள் ஐஸ் பெட்டி மாதிரிதானே இருந்திருக்கும், காய வைத்தால் போயிற்று என்றெல்லாம் மனசு கணக்குப் போட்டது.

முதல் பை தட்டுப்பட்டதும் ஃபைவல் மண்டியிட்டு இரண்டு கையாலும் தூக்கினான். நீலப்பூப் போட்ட விரிப்புத்துணி, அவள் சிறு வயதில் புரண்டு படுத்த துணி. அடியிலிருந்து நீர் ஒழுகியது, இளநீலமாக. பெய்லே நன்றாகத்தான் தைத்திருந்தாள், தையல் விடவில்லை. டோபா அதைப் பிரித்தாள். பிசைந்து மறந்துபோன மாவு போல எல்லாம் ஒரே கட்டியாக இருந்தது. விளிம்பில் நகத்தை விட்டு ஒரு அட்டையை உரித்தாள். வந்தது. அதில் ஒரு எழுத்து இல்லை, நீலம் மட்டும் இருந்தது. அடுத்ததிலும் அப்படித்தான். பனி உருகிய தண்ணீரும் மழையும் மாறி மாறி இறங்கியிருக்கின்றன. அப்பா உறுதியானது என்று மையால் எழுதியதை எல்லாம் கழுவிக்கொண்டு போய்விட்டன. இரண்டாவது பை, மூன்றாவது பை. ஃபைவல் ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்தான், அவள் பிரித்தாள். விரல்கள் நீலமாயின. அழுகை வரவில்லை. அதற்குப் பதில் ஒரு வெறுமை, யாரோ உள்ளேயிருந்து தேய்த்துக் கழுவிவிட்டாற்போல.

"இதுல எழுத்து இருக்குக்கா!"

இருந்தது. பென்சில் எழுத்து. அப்புறம் இன்னொன்று கிடைத்தது, அதுவும் பென்சில். கட்டிக்கு நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக, அப்பாவுக்கு நிச்சயமில்லாமல் போனவை மட்டும் சாம்பல் நிறத்தில் பிழைத்துக் கிடந்தன. கேள்விக்குறி போட்டவை. சரியாகக் காதில் விழவில்லை என்று ஓரத்தில் குறித்தவை. ஒருத்தி சொன்னதை இன்னொருத்தி மறுத்தவை. மடியில் துண்டை விரித்து ஒவ்வொன்றாகப் போட்டாள். எல்லாம் சேர்ந்து ஒரு கைப்பிடிகூட இல்லை.

கடைசியில் உரித்த அட்டையில் அம்மாவின் பெயர் இருந்தது. அவள் ஊர், ஒரு சொல், கீழே அப்பாவின் பொடி எழுத்து. டோபா வாய்விட்டுப் படித்தாள்: "பிள்ளைகளைத் தூங்க வைக்கும்போது சொல்கிறாள். செல்லமா, திட்டா? கேட்டேன், சிரிக்கிறாள். மறுபடி கேட்க வேண்டும்."

அந்தச் சொல்லை அவள் ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். ஃபைவலும் சொல்லிப் பார்த்தான். அவன் அழுத்தம் வேறு இடத்தில் விழுந்தது.

"அம்மா நம்மகிட்ட சொல்லியிருக்காளா?" என்றாள்.

"நீதானேக்கா மூத்தவ."

"உன்னைத்தானே ரொம்ப நாள் மடியில போட்டுத் தூங்க வெச்சா. யோசிச்சுப் பாருடா. மெதுவாச் சொல்வாளா, கோவமாச் சொல்வாளா?"

அவன் கண்ணை மூடிக்கொண்டான். பிரார்த்தனையில் ஆடுவது போல உடம்பு லேசாக முன்னும் பின்னும் ஆடியது. டோபா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். வெகு நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, இல்லை என்று தலையை ஆட்டினான். தாடி நனைந்திருந்தது.

பைகளை மறுபடி ஒவ்வொன்றாக உள்ளே இறக்கினார்கள். இறக்குவதற்கு முன் ஃபைவல் ஒவ்வொரு பையின் வாயையும் முடிச்சுப் போட்டான், அவிழாதபடி. பாதிக்கு மேல் அவனே மண்ணைத் தள்ளிவிட்டு, மண்வெட்டியை ஈர மேட்டில் குத்தி நிறுத்தி, நகர்ந்து நின்றான். டோபா கைத்தடியைப் புல்லில் போட்டாள். துண்டை மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு மண்வெட்டியை உருவினாள். அதைத் திருப்பிப் பிடித்து, முதுகால் அள்ளினாள். முதுகில் கொஞ்சம்தான் மண் நின்றது; அதுவும் குழிக்கு மேல் கொண்டு போவதற்குள் இரண்டு பக்கமும் சரிந்துகொண்டே போயிற்று.