இடப்பக்கம் ஒன்றரை விரல்

சீட்டக்கா என்ற பெயரில் ஒரு வில்லங்கம் உண்டு. புதிதாக வருகிறவர்கள் அவளைச் சீட்டாடுகிறவள் என்று நினைத்துக்கொள்வார்கள். அவள் வண்டிகளுக்கு சீட் தைக்கிறவள். லாரி, வேன், மோட்டார் சைக்கிள், ஒருமுறை ஒரு பல் வைத்தியரின் சாய்வு நாற்காலிகூடத் தைத்தாள். முப்பது வருஷமாக மனிதர்களின் பின்பக்கத்தை அளந்தே வயிற்றைக் கழுவியவள். முகத்தை மறந்துவிடுவாள். உட்கார்ந்த தடத்தைக் காட்டினால் ஆளைச் சொல்வாள்.

நெடுஞ்சாலை ஓரத்துத் தகரக் கொட்டகையில் பாதி அவளுடையது, பாதி வெல்டருடையது. வெல்டரை எல்லோரும் அமைதி என்றுதான் கூப்பிடுவார்கள். தூக்கத்தில்கூடப் பேசுகிற மனுஷனுக்கு எவனோ எரிச்சலில் வைத்த பெயர். நடுவில் சுவர் கிடையாது. அவன் பக்கத்துப் பொறி இவள் பக்கத்து ஃபோமில் விழுந்து ஓட்டை போடுவதும், இவள் அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டுவதும் அன்றாடம்.

அங்கேதான் அவளுடைய தம்பி ஒருநாள் பழைய ஐந்நூறு சிசி எஞ்சின் ஒன்றைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து இறக்கினான். தம்பி லாரி டிரைவர். இருபத்திரண்டு வருஷ ஓட்டம். கட்டியவள் ஒத்துவராமல் போய்ப் பல காலமாகிறது. வேலையில்லாத நாட்களில் அக்கா வீட்டு முன்னறையில் படுத்துக்கொள்வான்.

“இத வச்சு எனக்கு ஒரு வண்டி கட்டணும் மச்சான். ஒரு நாளைக்கு நானூறு ஐந்நூறு கிலோமீட்டர் போனாலும் இடுப்பு கேள்வி கேக்கக் கூடாது” என்றான் அமைதியிடம்.

“கட்டில்ல சக்கரம் மாட்டித் தந்துடவா? தலகாணி இலவசம்.”

“லாரில ஓட்டினது பத்தலையாடா உனக்கு?” என்றாள் அக்கா.

“லாரிய நானா ஓட்டினேன்? லோடு ஓட்டுச்சு, நான் கூடப் போனேன். அந்த மலை ரோட்டுல பதினோராவது வளைவு இருக்கு. கீழ பள்ளத்தாக்கு முழுசாத் தெரியும். மாசம் நாலு தடவ அதத் தாண்டியிருக்கேன். ஒரு தடவகூட நின்னு பாத்ததில்ல. லோடோட அங்க நிறுத்தினா வண்டி பின்னால உருளும். பின்னால வர்றவன் ஹாரன் அடிச்சே உயிர எடுத்துடுவான். அங்க போய் நிறுத்தணும்க்கா. எஞ்சின அணச்சுட்டு சும்மா நிக்கணும்.”

“ஒண்ணுக்குப் போறதுக்கு ஒரு வண்டியா?”

“அதுக்கும்தான்.”

வேலை நாலு மாதம் இழுத்தது. வேறு வேலை இல்லாத நேரத்தில் செய்கிற வேலை அப்படித்தான் இழுக்கும். அமைதி சட்டத்தை ஒரு சாண் நீட்டினான். கைப்பிடியை உயர்த்திப் பின்னுக்கு வளைத்தான், முதுகு கூன வேண்டாம் என்று. கால் வைக்க அகலப் பலகை, மார்புக் காற்றைத் தடுக்க வளைந்த கண்ணாடி, இருபத்து நாலு லிட்டர் பிடிக்கிற டேங்க். எல்லாம் சேர்ந்து வண்டி எருமை கனம் கனத்தது. கியர் மிதியை மட்டும் இடது காலிலிருந்து பிடுங்கி, எஞ்சினுக்கு அடியில் ஒரு கம்பி ஓட்டி வலது காலுக்குக் கொண்டுபோனான். பின் பிரேக் கைப்பிடிக்கு ஏறியது.

“இது எதுக்கு தலையச் சுத்தி மூக்கத் தொடுற வேலை?” என்று அவள் கேட்டாள்.

“பழைய வண்டியெல்லாம் வலது கால்லதான் கியர்க்கா. இவனுக்குப் பழசு மேல ஆசை” என்று சொல்லிவிட்டு அமைதி முகமூடியை இறக்கிக்கொண்டான். அன்று சாயங்காலம்வரை அவன் வேறு எதுவும் பேசவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று அவள் நினைத்தாள்.

சீட்டுக்கு அளவெடுப்பதில் அவளுக்கு ஒரு முறை உண்டு. அகலத் தட்டில் ஈர மணலை மட்டமாகப் பரப்பி, மேலே பாலிதீன் தாள் போட்டு, வண்டியில் வைத்து ஆளை உட்காரச் சொல்வாள். பத்து நிமிஷம் அசையக் கூடாது. எழுந்ததும் இரண்டு குழி இருக்கும். பார்த்தால் போதும், எங்கே ஃபோம் ஏற வேண்டும், எங்கே குறைய வேண்டும் என்று கத்தி தானாகப் போகும்.

தம்பியின் குழிகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் இருந்தன. வலப்பக்கம் கிண்ணத்தை அழுத்திய மாதிரி அகலம். இடப்பக்கம் கட்டைவிரலால் குத்திய மாதிரி ஒடுக்கம், ஆழம்.

“பர்ஸ எடுத்து வெளிய போடு” என்றாள். லாரிக்காரர்கள் அத்தனை பேருக்கும் இது உள்ளதுதான். வலது பின்பையில் பர்ஸை வைத்துக்கொண்டு இருபது வருஷம் உட்கார்ந்தால் வலது பக்கம் தூக்கி, உடம்பு இடது பக்கம் சாயும். “அந்தத் தடிப் பர்ஸு உன் இடுப்பையே கோணலாக்கி வச்சிருக்கு. அதுல அப்படி என்ன வச்சிருக்க, நிலப் பத்திரமா?”

தம்பி சிரித்தான். பர்ஸை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். மறுபடி அளவெடு என்று அவனும் சொல்லவில்லை, அவளும் எடுக்கவில்லை. தெரிந்த நோய்க்கு எதற்குச் சோதனை என்று மட்டமாக, நேராக ஒரு சீட் தைத்தாள். கறுப்பு ரெக்சின், இரட்டைத் தையல். முப்பது வருஷத்தில் தைத்ததிலேயே அழகான சீட் என்று அமைதிகூட ஒப்புக்கொண்டான்.

தம்பி அதில் இருநூற்றுப் பதினாலு கிலோமீட்டர் போய் வந்தான். திரும்பி வந்தவன் வண்டியை ஸ்டாண்டில் போடாமல் கொட்டகைத் தூணில் சாய்த்துவிட்டு இறங்கினான். முகம் வெளிறியிருந்தது.

“இடது பக்கம் எலும்புல ஆணி அடிச்ச மாதிரி இருக்குக்கா.”

அவளுக்குச் சுருக்கென்றது. அவள் தைத்த சீட்டைப் பற்றி அப்படி எவனும் சொன்னதில்லை. மணல் தட்டை எடுத்தாள். “பர்ஸ் எங்க?” அவன் சட்டைப்பையைத் தட்டிக் காட்டினான். உட்கார்ந்தான். பத்து நிமிஷம் கழித்து எழுந்தான்.

இடது குழி முன்பைவிட ஒடுங்கியிருந்தது. விளிம்பில் சதையின் தடமே இல்லை. எலும்பு மட்டும்தான் மணலில் உட்கார்ந்திருந்தது.

அவள் எழுந்து வந்து, பழைய ஃபோமைச் சோதிக்கிற மாதிரி, அவனுடைய இடது தொடையைக் கால்சட்டைக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினாள். பிறகு வலது தொடையை. இடது தொடையில் பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை. தொளதொளக் கால்சட்டை இத்தனை நாளாக மறைத்திருந்தது. முட்டி தேய்ந்துவிட்டது, அதுதான் காலை இழுத்து நடக்கிறேன் என்று அவன் சொன்னதை அவள் நம்பியிருந்தாள்.

“எத்தன மாசமா?”

“எட்டு.”

“டாக்டர்ட்ட போனியா?”

“ரெண்டு பேர்ட்ட போனேன். நரம்பு செத்துக்கிட்டு வருதாம், சதை கரையுதாம். மருந்து இல்ல. கால்ல ஆரம்பிச்சு கைக்கு வருமாம்.” ஊரான் கதையைச் சொல்வது போலச் சொன்னான். “கம்பெனில அஞ்சு மாசம் முன்னாடியே நிறுத்திட்டாங்க. லாரி சர்வீஸ்ல நிக்குதுன்னு உங்கிட்ட சொன்னது பொய்.”

அவள் அமைதியின் பக்கம் திரும்பினாள். அவன் ஒரு கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்திருந்தான்.

“பொறந்ததுலேருந்து ஒரு விஷயத்த வெளிய சொல்லாம வச்சிருக்கான்னா அது இதுதான். நல்லா இருடா” என்றாள்.

“சத்தியம் வாங்கிட்டான்க்கா.”

“இந்தக் கால வச்சுக்கிட்டு இருநூறு கிலோமீட்டர் எப்படிடா போன?”

“ஓட்டுறதுல கஷ்டமே இல்ல” என்றான் தம்பி. “நிறுத்துறதுதான். சிவப்பு விளக்கப் பாத்தா தூரத்துலேயே மெதுவாக்கி, பச்சை விழுற வரைக்கும் உருட்டிக்கிட்டே போவேன். ரெண்டு எடத்துல சுவத்துல கை வச்சு நின்னேன்.”

நின்று பார்ப்பதற்காக வண்டி கட்டியவன் அவன்.

இரண்டு நாள் அவள் அந்த வண்டிப் பக்கம் போகவில்லை. மூன்றாம் நாள் சோறு போடும்போது, “நான் தைக்க மாட்டேன். விழுந்து சாகிறதுக்கு நான் மெத்த தைக்கணுமா?” என்றாள்.

“தைக்கலன்னா சாக்க மடிச்சுக் கட்டிட்டுப் போவேன்.”

போவான். சின்ன வயதில் செருப்பு வாங்கித் தரவில்லை என்று சைக்கிள் டயரை அறுத்துக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவன்.

“கை எப்பப் போகும்னு சொன்னாங்களா?”

“ஒரு வருஷம் ஆகலாம். அதுக்கு முன்னாடியும் ஆகலாம். நாலு நாள் பயணம்தான்க்கா. போக ரெண்டு, வர ரெண்டு.”

அவள் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். “அங்க போய் எப்படி நிப்ப? அதச் சொல்லு முதல்ல.”

 பிறகு அவளே யோசித்தாள். இடது கால் நிற்காது, வலது கால் நிற்கும். மறுநாள் தையலைப் பிரித்தாள். இடப்பக்கம் எலும்பு உட்காரும் இடத்தில் மெத்தென்ற ஃபோமை ஒன்றரை விரல் உயர்த்தினாள். வலப்பக்க விளிம்பைச் செதுக்கி ஒடுக்கினாள், வலது பாதம் முழுசாகத் தரையில் படட்டும் என்று. அமைதி சைடு ஸ்டாண்டை வெட்டியெடுத்து வலப்பக்கம் வைத்தான். வாய் பழையபடி ஓட ஆரம்பித்திருந்தது. “உலகத்துலேயே வலது பக்கம் சாஞ்சு நிக்கிற ஒரே வண்டி மாப்ள, கண்காட்சில வைக்கலாம்.” இப்போது பார்க்கிறவனுக்கு சீட் கோணல். உட்காருகிறவன் தம்பியாக இருந்தால் நேர்.

தம்பி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டான்.

“வலிக்குதா?”

“உக்காந்திருக்கிறதே தெரியலக்கா.”

“அப்ப நின்னு காட்டு. முற்றத்தச் சுத்தி வந்து வலது கால ஊன்றி நிறுத்து. பத்து தடவ. பத்தும் நின்னா நாளைக்கே கிளம்பு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

அவன் சுற்றினான். முன் பிரேக், வலப்பக்கம் சாய்வு, வலது கால் தரையில். ஒன்று. அமைதி தகரத்தைத் தட்டி எண்ணினான். இரண்டு, மூன்று. ஒவ்வொரு முறை நிற்கும்போதும் தம்பியின் உதடு வலது, வலது என்று முணுமுணுப்பது தெரிந்தது. ஆறு முடிந்ததும் அவள் மூச்சு கொஞ்சம் இறங்கியது.

ஏழாவது சுற்றில், பழுதுக்கு வந்த வேன் ஒன்று வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டு நுழைந்தது. தம்பி பிரேக்கைப் பிடித்தான். பிடித்த அந்த நொடியில் இடது கால் வெளியே வந்தது. முப்பது வருஷமாக சைக்கிளோ பைக்கோ எதை நிறுத்தினாலும் வெளியே வந்த கால் அது. சதை போய்விட்டது, பழக்கம் போகவில்லை. கால் காகிதம் மாதிரி மடிந்தது. வண்டி அதன்மேல் படுத்தது.

வேன்காரன், அமைதி, அவள் மூவருமாகத் தூக்கினார்கள். கணுக்கால் இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. அவன் கத்தவில்லை. “வலதுன்னு சொல்லிக்கிட்டேதான் வந்தேன்” என்று மட்டும் அவளிடம் சொன்னான், தப்புச் செய்தவன் மாதிரி.

ஆறு வாரம் மாவுக்கட்டு. அதற்குள் அமைதி கொட்டகைத் தரையில் சாக்கட்டியால் ஒரு மூன்றாவது சக்கரம் வரைந்தான். பக்கத்தில் ஒரு தொட்டி மாதிரி இணைத்துவிட்டால் காலே ஊன்ற வேண்டாம், விழவே விழாது என்றான். முதல் நாளே இதைச் செய்திருக்கலாம் என்று யாருக்கும் தோன்றாமல் போனது. தம்பி இரண்டு சக்கர வண்டி கட்டச் சொன்னான், எல்லோருக்கும் இரண்டு சக்கரத்திலேயே மூளை நின்றுவிட்டது. குழாய் வெட்டி, பாதிச் சட்டம் பற்றவைத்திருந்தபோது மாவுக்கட்டைப் பிரித்தார்கள். தம்பி ஒரு கோலை ஊன்றிக் கொட்டகைக்கு வந்தான். கைப்பிடியில் இடது கையை வைத்து கிளட்ச்சை இழுத்துப் பார்த்தான். நாலு விரலும் போய்ச் சுற்றிக்கொண்டன. கிளட்ச் பாதிக்கு மேல் வரவில்லை. இன்னொரு முறை இழுத்தான். பிறகு கையை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டு, “அந்தச் சட்டத்த வேற எதுக்காவது வச்சுக்க மச்சான்” என்றான்.

விற்றுவிடலாம் என்று சொன்னதும் அவன்தான். அவள் மறுத்துப் பார்த்தாள். “தினம் பாத்துக்கிட்டே கெடக்கவா?” என்று கேட்டான்.

வாங்க வந்தவனுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். நல்ல காலணி, நல்ல முதுகு. சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான். உட்கார்ந்தான். நெளிந்தான். இறங்கிக் குனிந்து சீட்டை ஒரு கண்ணால் பார்த்தான்.

“வண்டி அருமையா இருக்கு. சீட்டு மட்டும் ஒரு பக்கமா இருக்கே. யாரு தச்சது இத?”

“நான்தான்” என்றாள் அவள்.

“அளவு கொஞ்சம் தப்பாயிடுச்சு” என்று தம்பி ஸ்டூலில் இருந்தபடியே குறுக்கிட்டான். “அக்கா நேராக்கித் தந்துடும். ஒரு மணி நேர வேலைதான்.”

அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் டேங்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் மணல் தட்டை எடுத்து வைத்து, வந்தவனை உட்காரச் சொன்னாள். இரண்டு குழியும் ஒரே அச்சு. அப்படிப்பட்ட தடத்தைப் பார்த்தால் வழக்கமாக அவளுக்குச் சந்தோஷம் வரும்.

தையலைப் பிரித்தாள். ஒன்றரை விரல் ஃபோமைக் கத்தியால் சீவி எடுத்தாள். வலப்பக்கம் செதுக்கிய இடத்தில் துண்டு வைத்து ஒட்டினாள். ரெக்சினை இழுத்துப் பிடிக்க ஆள் வேண்டும். அமைதி வருவதற்குள் தம்பி எழுந்து வந்து வலது கையால் ஒரு முனையைப் பிடித்தான், இன்னொரு முனையை முழங்கையால் அழுத்திக்கொண்டான். இரண்டு பேருமாகச் சுற்றிலும் ஸ்டேப்ளர் பின் அடித்து முடித்தார்கள். சீவிய துண்டைக் குப்பையில் போடுவதா வேண்டாமா என்று அவள் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அப்புறம் போட்டாள்.

“மீட்டர்ல இருநூத்திச் சொச்சம்தான் காட்டுது” என்றான் வாங்கியவன். “லாங்ல போனா எப்படி இருக்கும்ணே?”

“நல்லா இருக்கும்” என்றான் தம்பி. “முதுகு வலிக்காது.”

எஞ்சின் பிடித்தது. வண்டி முற்றத்தைத் தாண்டி வாசலுக்குப் போனது. நெடுஞ்சாலையில் ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. வாங்கியவன் நின்றான். இடது காலைத் தரையில் ஊன்றி, ஒரு கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, சாலையை இரண்டு பக்கமும் பார்த்தான். அக்காவும் தம்பியும் அந்தக் காலையே பார்த்திருந்தார்கள். லாரி போனது. கால் மேலே ஏறியது. வண்டி ஒரு குலுங்கு குலுங்கிப் புறப்பட்டது.

“கிளட்ச்ச டக்குனு விடுறான்” என்றான் தம்பி.

“பழகிப்பான்” என்றாள் அவள்.