இரண்டாவது நாற்காலி

1

ஒட்டுக்கேட்டதில் பிறந்த கதை இது. புற்றுநோய் மருத்துவமனையில் என் முறைக்காகக் காத்திருந்தேன். பக்கத்தில் ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி, தன் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே சமூகப் பணியாளரின் அறை. உள்ளேயிருந்து ஒரு குரல்: "ஏன் வரலைன்னு கேக்கல. அன்னைக்குக் காலைல எழுந்ததுலேருந்து ஒண்ணு விடாம சொல்லுங்க."

அதற்குள் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். மிச்சம் என் இட்டுக்கட்டல்.

2

உள்ளே இருந்தவரை ஒரு பெயிண்டராக்கிக்கொண்டேன். முதல் தொடக்கம்: 'பெயிண்டருக்குச் சாவென்றால் பயம். அதனால்தான் இரண்டு முறை கீமோவுக்கு வராமல்…'

அடித்துவிட்டேன். டாக்டரும் இப்படித்தான் நினைத்துக்கொண்டு, 'சிகிச்சையில் விருப்பமில்லை' என்று எழுதியிருந்தார். மூன்றாவது முறையும் தவறினால் நோய் கைமீறிவிடும்.

இரண்டாவது தொடக்கம்: 'முடி கொட்டிவிடுமே என்று…'

(அவருக்கு வழுக்கை. நானே மறந்துவிட்டேன்.)

3

சமூகப் பணியாளர் என்னைப்போல் அவசரக்குடுக்கை அல்ல. உடம்பு டாக்டர் பாடு. அந்த உடம்பை வீட்டிலிருந்து வரவழைப்பது அவள் பாடு.

"குளிச்சேன், சட்டை போட்டேன், செருப்பு மாட்டினேன் மேடம்."

"அப்புறம்?"

"கழட்டிட்டேன்."

"ஏன்?"

"அக்காவும் செருப்பை எடுத்துட்டு வந்து நின்னுட்டாங்க. அவங்களுக்கு விவரம் போதாது. உள்ள விட்டுப் பூட்டினா கதவை இடிச்சிட்டே இருப்பாங்க."

(அவரை முதலில் பூட்டு ரிப்பேர்காரராக வைத்திருந்தேன். ரொம்பவும் பொருந்திப்போனதால் மாற்றினேன்.)

"கூட்டிட்டு வர்றதுதானே? இன்னைக்கு வந்திருக்காங்களே."

"இது உங்க ரூம். கீமோ ரூம்ல நோயாளிக்கு மட்டும்தான் அனுமதின்னு போர்டு போட்டிருக்கே."

"யாரையாவது கேட்டீங்களா?"

"எழுதியே போட்டிருக்கும்போது எப்படிக் கேக்கறது?"

ஒரு பலகைக்கு மரியாதை கொடுத்து மனிதர் சாகப் பார்த்திருக்கிறார்.

4

சமூகப் பணியாளர் தலைமை நர்ஸிடம் போய் நின்றாள்.

"ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க."

"கேக்கட்டும் சிஸ்டர். கேக்காததாலதான் இவர் ரெண்டு தடவை வரல."

நர்ஸ் முணுமுணுத்துக்கொண்டே கீமோ அறையில் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

5

முடிவுகள்:

(அ) இருவரும் வந்தார்கள். மருந்து சொட்டுவதை அக்கா இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

(ஆ) அவர் வரவில்லை. ஏனென்றால்…

(அ)தான் நடக்க வேண்டுமென்று மனசு அடித்துக்கொள்கிறது. ஆனால் இவர் விஷயத்தில் ஏற்கெனவே இரண்டு முறை கோட்டைவிட்டவன் நான். முடிவை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

குறித்த நாள், காலை ஒன்பது மணி. இரண்டு நாற்காலிகளும் காலி. சமூகப் பணியாளர் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவர் வராமல் போனால், நீங்களாக ஒரு காரணம் எழுதிவிடாதீர்கள். அவளைப்போல ஒரு தரம் கேளுங்கள்: "செருப்பு மாட்டினீங்க. அப்புறம்?"