அதுவா உக்காரட்டும்

"டங்!"

ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி வேன் நகர்ந்ததும் முன்சீட்டுக்கு அடியில் யாரோ சம்மட்டியால் அடித்தது போலச் சத்தம். பின்னால் மெத்தையில் படுத்திருந்த அம்மாவின் முகம் சுருங்கியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டாவது கியர். மறுபடியும் "டங்!"

"அப்பா, நிறுத்துங்க! அம்மாவால தாங்க முடியல."

அப்பா வண்டியை ஓரங்கட்டினார். அவர் பக்கத்தில் இருந்த மாமாவுக்கு வாய் சும்மா இருக்காது. அம்மாவின் தம்பி, லாரி ஓட்டுகிறவர்.

"அப்பவே சொன்னேன் மச்சான். கம்பெனி மவுண்ட் வர்ற வரைக்கும் பொறுத்திருக்கலாம். ஊர் பேர் தெரியாத சாமானை மாட்டிட்டு..."

"கம்பெனி சாமான் வர ஒரு வாரம் ஆகும்னான் மாப்ளே. நம்மகிட்ட ஒரு வாரமா இருக்கு?"

மாமா சீட்டை விட்டு இறங்கினார்.

இனி நாள் கணக்குதான் என்று முந்தாநாள் டாக்டர் சொல்லியிருந்தார். நோய் முதுகெலும்புக்குப் போய்விட்டது. வீட்டுக்குப் போய்விடலாம் என்றாள் அம்மா. ஆம்புலன்ஸ் வேண்டாம், நம்ம வண்டியே போதும் என்றாள். அதற்காகத்தான் அப்பா இரண்டு நாளாக வேனைப் பிரித்து மேய்ந்தார். பின்சீட்டுகளைக் கழற்றி மெத்தை விரித்தார். இன்ஜினைத் தாங்குகிற மூன்று ரப்பர் மவுண்டுகளில் ஒன்று கிழிந்து வண்டியே உதறிக்கொண்டிருந்தது. அதை மாற்றினார். அவள் ஆடாமல் அசங்காமல் வீடு வந்து சேர வேண்டும். அவ்வளவுதான் அவர் நினைப்பு.

மகளுக்கு அப்பாவின் மேல் சந்தேகம் இல்லை. ஊரில் அவருக்குக் 'காதுக்காரர்' என்றே பேர். வீட்டை ஒட்டிய மெக்கானிக் ஷெட்டுக்கு எந்த வண்டி வந்தாலும் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக் கண்ணை மூடுவார். பிறகு உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடிப்பார். திரும்பி வந்து கோளாறு இன்னது என்று சொன்னால் சொன்னதுதான். முப்பது வருஷமாகத் தப்பியதில்லை.

இப்போதும் முன்சீட்டைத் தூக்கி, அடியில் இருந்த இன்ஜினில் ஸ்க்ரூ டிரைவரை வைத்துக் கேட்டார். "போல்ட் லூஸு" என்றார். ஸ்பேனரைப் போட்டு முழு பலத்தோடு இறுக்கினார். வண்டியைக் கிளப்பினால் 'டங்' போகவில்லை. கூடவே தரையெல்லாம் ஒரு அதிர்வு வேறு. அம்மா முனகினாள்.

"சைலன்சர் குழாய் எங்கியோ இடிக்குது" என்று வண்டிக்கு அடியில் படுத்தார். குழாயைத் தள்ளி வைத்துக் கட்டிவிட்டு வந்தார். "டங்!"

மூன்றாம் முறை இன்ஜினுக்கு முன்னால் நின்றபோது அவர் கண்கள் எதையோ தொலைத்தவர் மாதிரி அங்கும் இங்கும் அலைந்தன. ரோட்டில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. அவர் பாட்டிலை எடுத்து ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

"ஆங், தண்ணி உள்ள போயிடுச்சு. இனிமே பாரு, இன்ஜின் வாயைத் திறக்கும்" என்றார் மாமா.

அப்பா சிரிக்கவில்லை. பின்கதவைத் திறந்துகொண்டு நின்றார். மச்சினனைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். கடைசியாக அம்மாவிடம் குனிந்தார்.

"இப்ப எப்படிக் கேக்குது?"

மாமாவின் சிரிப்பு பாதியில் நின்றது. அம்மா மெல்லக் கண் திறந்தாள்.

"எல்லாரும் இருக்காங்க" என்றாள் தணிந்த குரலில்.

"இருக்கட்டும்."

"மாட்டும்போதே கேட்டிருக்க வேண்டியதுதானே?"

"எங்க கேக்குறது? நீதான் ஆஸ்பத்திரில வந்து படுத்துக்கிட்டியே."

அம்மாவின் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போனது. உள்ளங்கையை வண்டித் தரையில் பதித்துக்கொண்டாள். "ஸ்டார்ட் பண்ணுங்க. கியரைப் போட்டு எடுங்க. ம்... இன்னொரு தடவை." ஒவ்வொரு அடிக்கும் அவள் கழுத்து நரம்பு புடைத்தது. ஆனாலும் போதும் என்று சொல்லவில்லை.

"புதுசு மேல தப்பு இல்லீங்க. அது உசரமா நிக்குது. பழசு ரெண்டும் முறுக்கிக்கிட்டுக் கிடக்கு. நீங்க இறுக்க இறுக்க இன்னும் முறுக்குது. மூணையும் தளர்த்தி விடுங்க. இன்ஜின் ஓடட்டும். அதுவா உக்காரட்டும். அப்புறம் இறுக்குங்க."

மகள் குனிந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். ஸ்பேனரைக் கையால் தொட்டறியாதவள் அம்மா. ஷெட்டுக்கும் அடுப்படிக்கும் நடுவே ஒரு ஜன்னல். அந்த ஜன்னலடியில்தான் அவள் முப்பது வருஷமாகச் சமைத்தாள், பாத்திரம் தேய்த்தாள். ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை அப்பா தண்ணீர் குடிக்க வந்தார். "அப்பாவுக்கு ஏம்மா இவ்ளோ தாகம்?" என்று சின்ன வயசில் கேட்டிருக்கிறாள். "வெயில்ல நிக்கிறாருல்ல" என்று அம்மா ஒரே போடாகப் போட்டுவிட்டாள்.

அப்பா மூன்று போல்ட்டுகளையும் தளர்த்தினார். ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் ஒரு குலுக்குக் குலுங்கியது. பிறகு தூக்கத்தில் புரண்டு படுப்பது போல ஒரு நூல் அளவு நகர்ந்து, தனக்கான இடத்தில் அமர்ந்தது. அதிர்வு சட்டென்று அடங்கிப்போனது.

"இப்பவா?" என்றார் அப்பா.

"இருங்க." அம்மா காத்திருந்தாள். ரோட்டோரத்தில் எல்லோரும் காத்திருந்தார்கள். "ம், இப்ப."

அவர் இறுக்கினார்.

அதற்குப் பிறகு அந்த வேன் ஓடியதா, மிதந்ததா என்று மகளால் சொல்ல முடியாது. ஜன்னல் வழியே வந்த வெயில் அம்மாவின் நெற்றியில் ஊர்ந்து போனது. பாட்டிலில் இருந்த தண்ணீர்கூட நலுங்கவில்லை. கண்ணை மூடியபடியே அம்மா வண்டி ஓட்டினாள்.

"மூணுல போடுங்க... கிளட்ச்சை மெதுவா விடுங்க... பின்னாடி வலது சக்கரத்துல காத்து கம்மி."

மாமா திரும்பிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது, வாய் மட்டும் மாறவில்லை. "அக்கா, என் லாரியிலயும் ஒரு நாள் வந்து படுத்துக்கோயேன்."

"உன் லாரிக்குக் காது எதுக்குடா? அடுத்த ஊர் வரைக்கும் கேக்குமே."

அப்பாகூடச் சிரித்தார். மகளுக்குத் தன் தாயை இன்றைக்குத்தான் முதல் முதலாகப் பார்ப்பது போல இருந்தது. அந்த முகத்தை விட்டு வெளியே பார்க்கவே தோன்றவில்லை.

பாலம் வந்தது. எவ்வளவு மெதுவாகப் போனாலும் பாலத்தின் இணைப்பில் வண்டி ஒரு தரம் ஏறி இறங்கியது. மகள் அம்மாவின் கையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

பாலம் தாண்டிய பிறகு அப்பா இன்னும் மெதுவாக ஓட்டினார். சைக்கிள்கள்கூட முந்திக்கொண்டு போயின.

"ரோடு நல்லாத்தானே இருக்கு மச்சான்? ஏன் உருட்டுறீங்க?" என்றார் மாமா.

அப்பா கியரை இன்னும் ஒன்று குறைத்தார். பார்வை ரோட்டிலேயே இருந்தது.

வீட்டு வாசலில் வண்டி நின்றது. அம்மா தூங்குகிறாள் என்றுதான் மகள் நினைத்தாள். "அம்மா, வீடு வந்துடுச்சு" என்று தோளைத் தொட்டாள். பிடித்திருந்த கை கனத்தது.

"அக்கா!" மாமா பதறிக்கொண்டு இறங்கி ஓடி வந்தார். "மச்சான், வண்டியைத் திருப்புங்க! ஆஸ்பத்திரிக்கே போயிடலாம்!"

அப்பா அவசரப்படவில்லை. பின்கதவைத் திறந்து உள்ளே ஏறினார். கலைந்திருந்த போர்வையை அம்மாவின் கால்வரை இழுத்துச் சரிசெய்தார். கிரீஸ் படிந்த விரல்களால் நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கினார்.  இன்ஜின் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அது ஓடுவது யாருக்கும் தெரியவில்லை.

மகள் அவரையே பார்த்தாள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமாப்பா?"

ஆமென்று தலையை அசைத்தார்.

"எப்பப்பா?"



"பாலத்துல வண்டி தூக்கிப் போட்டுச்சு. உங்கம்மா ஒண்ணும் சொல்லல."