ஓர் உயிரெழுத்தால் ஒரு கொலை

வெள்ளிக்கிழமை காலை பதினொன்று பத்துக்கு, நெமிலிச்சேரியில் இரண்டாவது மாடி ஃபிளாட்டில் உட்கார்ந்தபடியே, விஜய் ஈரானில் ஒரு பெரியவரைக் கொன்றான். ஆயுதம், ஓர் உயிரெழுத்து.

திட்டம் மூன்று வாரம் முன்பே தொடங்கியிருந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் அவனோடு மூன்று வருஷம் வேலை பார்த்த ஈரான்காரி நெகார், சொந்த ஊரான ஷிராஸுக்குத் திரும்பிப் போய் வீட்டில் காதல் விஷயத்தை உடைத்தாள். அப்பா பாதி சம்மதம். மீதிப் பாதி தாத்தாவிடம். யஸ்த் நகரத்தில் தனியாக இருக்கும் எண்பத்தெட்டு வயதுக்காரர். அவர் சரி என்றால் கல்யாணம், இல்லையென்றால் இல்லை. பெரியவர் இதுவரை பிடிகொடுக்கவில்லை.

இன்று நெகாரின் அப்பாவோடு முதல் வீடியோ கால். ஈரானில் வெள்ளிதான் விடுமுறை என்பதால் விஜய் லீவு போட்டிருந்தான். நெகாருக்கே தெரியாமல் பாரசீகத்தில் ஒரு வாக்கியம் பேசி அசத்துவதாக ஏற்பாடு. 'உங்கள் அப்பா பெரிய மனிதர்.' மொழிபெயர்ப்பு ஆப் எழுதிக் கொடுத்தது. எழுத்துகளை இன்னொரு ஆப்பில் படித்துக்கொண்டான். சிக்கல் அங்கேதான். பாரசீகக்காரர்கள் பெரும்பாலும் குறிலை எழுதுவதில்லை. 'மனிதர்' என்ற சொல்லுக்கு ம், ர், த் என்று மூன்றே மெய். நடுவே என்ன உயிர் என்பது வாசிக்கிறவன் சாமர்த்தியம்.

பக்கத்து ஃபிளாட் ஜெபாவிடம் யோசனை கேட்டான்.

"மர்த்துன்னா அது இந்தி மச்சான். குலாப் ஜாமூன நெகார் இன்னான்னு சொல்லும்? கொலாப். எல்லாத்துலயும் ஒரு 'ஒ' போட்டுக்கோ."

விஜய் போட்டுக்கொண்டான்.

கால் வந்தது. எல்லாரையும் அறிமுகம் செய்துவைத்துவிட்டு நெகார் தேநீர் எடுக்க உள்ளே போனாள். அதற்காகவே காத்திருந்தவன் வாக்கியத்தை எழுதிவைத்திருந்த சீட்டை எடுத்தான்.

"பெதரே ஷொமா மொர்த்..."

மீதி வாக்கியம் சீட்டின் மறுபக்கம். அதைத் திருப்புவதற்குள் திரையில் அப்பாவின் முகம் வெளுத்தது. பாரசீகத்தில் ஏதோ கேட்டார். பாராட்டுகிறார் என்று நினைத்து விஜய் பணிவாகத் தலையாட்டினான். இன்னொன்று கேட்டார். அதற்கும் ஆட்டினான். தானே சொல்லத் தைரியமில்லாமல் மகள் மாப்பிள்ளையை விட்டுச் சாவுச் செய்தி சொல்லவைத்திருக்கிறாள் என்று அவர் முடிவுகட்டினார். தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

விஜய்க்குப் பக்கத்தில் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்த அவன் அம்மா பொன்னியம்மா, ஆவடி வட்டாரத்தில் எந்த எழவு வீட்டுக்கும் முதல் ஆளாகப் போய் நிற்பவள். ஒருத்தர் தலையில் அடித்துக்கொண்டு அழுதால், செத்தது யார் எவர் என்று விசாரிக்கும் வழக்கம் அவளுக்கு இல்லை.

"எங்கள உட்டுட்டுப் பூட்டியே என் ராசா" என்று மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரியை எடுத்தாள்.

அப்பாவுக்கு மிச்சமிருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் போயிற்று. சோபாவுக்குப் பின்னால் நின்ற ஜெபா சிலுவை போட்டுக்கொண்டான்.

தட்டோடு வந்த நெகார் சேதி கேட்டுத் தட்டைக் கீழே போட்டாள். அழுதுகொண்டே இன்னொரு போனில் யஸ்துக்கு அடித்தாள், பக்கத்து வீட்டுக்காரர் யாராவது எடுப்பார் என்று. செத்தவரே எடுத்தார்.

விசாரணை இரண்டே நிமிடம். சீட்டைக் காமிராவில் காட்டச் சொல்லிப் பார்த்தாள். அம்பத்தூரில் கற்ற தமிழில் தீர்ப்பு வந்தது.

"யோவ், மர்த்துன்னா மனுஷன். மொர்த்துன்னா செத்துட்டாரு. எழுத்தும் ஒண்ணு, வேரும் ஒண்ணு. உங்க 'மரணம்' கூட அந்த வேருதான். சாகப்போறவன்தான் மனுஷன். அதுக்காக இப்பவே சாவடிப்பியா?"

விஜய் சீட்டைக் கசக்கிச் சட்டைப்பைக்குள் திணித்தான். கல்யாணம் கைநழுவிப் போய்விட்டது என்றே நினைத்தான்.

ஸ்பீக்கரில் பெரியவர், தான் செத்த கதையை மகன் வாயால் முழுதாகக் கேட்டார்.  பிறகு இருமலா சிரிப்பா என்று பிரிக்க முடியாத ஒரு சத்தம். அதற்குப் பின் நீளமாக ஏதோ சொன்னார். நெகார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தாத்தா இன்னா சொல்றாருன்னா, செத்தவன்கிட்ட எதுக்கு சம்மதம் கேட்டுகினு கீறீங்க? போய்த் தேதி குறிங்கன்றாரு."

பொன்னியம்மா அவிழ்ந்த கொண்டையை முடிந்துகொண்டாள். நெகிழ்ந்துபோன விஜய், பெரியவருக்குப் பாரசீகத்தில் நன்றி சொல்ல வாயைத் திறந்தான். அம்மா இரண்டு கைகளாலும் அதைப் பொத்தினாள்.