பாறை இல்லாத படம்

"நான் கூப்பிடற வரைக்கும் திரும்பாத" என்று சொல்லிவிட்டு என் கணவர் கரைக்குப் போனார். ஆற்றின் நடுவே ஒரு தட்டைப் பாறை. அதன்மேல் நான், அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இறங்கப்போகும் சூரியனை முறைத்துக்கொண்டு நின்றேன். வரும்போது முழங்கால் அளவுதான் தண்ணீர். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே வந்துவிட்டோம். புது ஹோட்டல் ஒன்றின் வரவேற்பறைச் சுவருக்கு ஆற்றுப் படம் கேட்டிருந்தார்கள். ஆறு எவ்வளவு பெரியது என்று தெரிய ஓர் ஆள் நிற்க வேண்டுமாம். எங்கள் ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் சைஸ் முகங்களையே எடுத்து அலுத்துப்போன மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. வாயைத் திறந்தால் வானத்தைப் பற்றித்தான் பேச்சு. சம்பளம் கேட்காத ஆள் வீட்டிலேயே இருக்கும்போது வெளியே எதற்குத் தேடணும் என்று கிண்டலடித்துவிட்டு நானும் கிளம்பி வந்தேன்.

முதலில் பாறை ஓரத்தில் வைத்திருந்த செருப்பு ஒன்று அசைந்தது. காற்று என்று நினைத்தேன். மறுபடி பார்த்தபோது இரண்டுமே இல்லை. மேலே எங்கோ மழை பெய்திருக்க வேண்டும்; தண்ணீர் கலங்கலாக, சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. எனக்கு நீச்சல் தெரியாது. அது அவருக்குத் தெரியும். போட்டோவுக்கு உட்காருகிறவர் காலரில் ஒரு நூல் பிரிந்திருந்தால்கூடக் கேமரா வழியாகக் கண்டுபிடித்துவிடுகிறவர், இவ்வளவு தண்ணீரைப் பார்க்காமலா இருப்பார்? இதோ கூப்பிடுவார், இதோ கூப்பிடுவார் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். விரல்கள் நனைந்தன. பிறகு கணுக்கால். பாறை எங்கே முடிகிறது என்று காலால் தடவித்தான் பார்க்க வேண்டியிருந்தது. அப்போதும் திரும்பினால் படம் கெட்டுவிடுமே என்று யோசித்தேன் பாருங்கள், என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். அந்தச் செருப்பும் ஆற்றோடு போய்விட்டது.

சூரியன் முழுதாக மறைந்த பிறகுதான் அவர் குரல் கேட்டது. "அசையாத, வரேன்." இடுப்பளவு தண்ணீரில் தடுமாறிக்கொண்டு வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். நடுவில் கால் வழுக்கி இரண்டு மிடறு ஆற்றுத் தண்ணீர் குடித்தேன். உயிர் போய்விட்டது என்றே நினைத்தேன். எப்படியோ கரையில் வந்து விழுந்தோம். இருந்தது ஒரே ஒரு துண்டு. அவர் அதில் தன் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்து, கேமராவை ஸ்டாண்டிலிருந்து கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு, பிறகு துண்டை என்னிடம் கொடுத்தார். அப்புறம் என்னைக் கட்டிக்கொண்டு நடுங்கினார்.

"கண்ணு கேமராவுலயே இருந்துச்சு. தண்ணி ஏறினதே எனக்குத் தெரியல. சத்தியமா."

அவர் அழுததைப் பார்க்கப் பொறுக்காமல் நான்தான் தேற்றினேன்.

ஸ்டுடியோவில் படங்களை வெட்டித் திருத்துவது என் வேலை. திரும்பி வந்ததும் தலையைத் துவட்டிக்கொண்டே கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். உள்ளறையில் அவர் டீ போடும் சத்தம் கேட்டது. முதல் படங்களில் எல்லாம் வானமும் தூரத்து ஆறும்தான்; நான் பாறையோடு அடியில் ஒரு புள்ளி. கடைசி மூன்று படங்கள் வேறு மாதிரி இருந்தன. வானம் பாதியாகக் குறைந்திருந்தது. கேமரா கீழே இறங்கி, லென்ஸ் என்னைக் கிட்டே இழுத்திருந்தது. நட்டநடுவில் என் கால்களும் அவற்றைச் சுற்றிச் சிவந்து ஓடும் தண்ணீரும். ஒன்றில் பாறை ஒரு பட்டையாகத் தெரிந்தது. அடுத்ததில் ஒரு நூலாக. கடைசியில் அதுவும் இல்லை. பொய் சொல்லக் கூடாது, அவ்வளவு அழகான படத்தை அவர் இதுவரை எடுத்ததே இல்லை.

அவர் டீயோடு வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். எது நன்றாக வந்திருக்கிறது என்று கேட்டார்.

"கடைசிப் படம்" என்றேன். "கேமராவ எப்ப கீழ எறக்கினீங்க?"

டம்ளரை மேஜைமேல் வைக்கும் சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை. திரையில் ஒருத்தி தண்ணீரின்மேல், முதுகைக் காட்டிக்கொண்டு, கூப்பிடுவார் என்று நின்றுகொண்டிருந்தாள்.